மடிதாள் இலக்கணம்

பாயிரம்

எழுத்துக்கு இலக்கணம் உண்டு, சொல்லுக்கு உண்டு, யாப்புக்கும் அணிக்கும் தனித்தனியே உண்டு. திறந்தால் உள்ளிருந்து பொங்கல் பானை எழுந்து நிற்கும் காகித வாழ்த்து அட்டைக்கு மட்டும் இல்லை. இலக்கியம் முன்னே, இலக்கணம் பின்னே என்பது மரபு. இலக்கியமோ ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டிப் பெருகிக்கொண்டே வருகிறது. பள்ளிகள் கேட்கின்றன, வீடுகள் செய்து கொடுக்கின்றன. இத்தனை பெரிய ஒரு துறை சூத்திரமும் உரையும் இல்லாமல் அநாதையாகக் கிடப்பதைப் பொறாமல் எழுந்ததே இந்த ஆராய்ச்சி. கடைக்காரர்களும் பிள்ளைகளும் பாப்-அப் கார்டு என்கிறார்கள். இக்கட்டுரையும் பாப்-அப் அட்டை என்றே வழங்கும்.

சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று நன்னூலார் விதித்தார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். நம் அட்டைக்கு இவற்றுள் ஆறு எளியவை. எல்லையாவது, வடக்கே டி.வி. ஸ்டாண்டு, தெற்கே சமையலறை வாசற்படி, இவற்றுக்கு இடைப்பட்ட கூடத்துத் தரை. நூற்பெயர் 'ஹேப்பி பொங்கல்'. யாப்பு, வெட்டி ஒட்டியது. நுதலிய பொருள், பானை ஒன்றும் கரும்பு இரண்டும். கேட்போர், வகுப்பாசிரியை. பயன், நோட்டீஸ் போர்டில் ஓரிடம். எஞ்சிய இரண்டும், அதாவது ஆக்கியோன் பெயரும் வழியும், சிக்கலானவை.

முதலில் ஆக்கியோன். அட்டையின் பின்புறத்தில் இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெயரும் பிரிவும் உள்ளன. புறச்சான்று அத்தோடு தீர்ந்தது. அகச்சான்று வேறு கதை சொல்கிறது. 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்' என்ற வரி இடப்புறம் பேரெழுத்தாகத் தொடங்கி, போகப் போக இடம் போதாமல் நெருங்கி, கடைசி 'கள்' மட்டும் கீழே இறங்கி நிற்கிறது. இது மாணவியின் கை என்பதில் ஐயமில்லை. ஆனால் பானைக்கு இருபுறமும் உள்ள வெட்டுகள் ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. வெட்டுவதற்குப் போட்ட பென்சில் கோடு ரப்பரால் அழிக்கப்பட்டிருக்கிறது. ஏழு வயதில் பென்சில் கோட்டை அழிக்கும் வழக்கம் எந்தக் குலத்திலும் இல்லை. ஆகவே இப்பனுவலில் இரண்டு கைகள் உள்ளன. சொல் மகளுடையது, பொருள் தாயுடையது. கரும்பின் கணுக்கள் மட்டும் ஸ்கேல் வைத்துச் சம இடைவெளியில் வரையப்பட்டிருப்பதால் அவற்றைத் தந்தையாரின் இடைச்செருகலாகக் கொள்ளலாம்.

நூல் எழுந்த சூழலுக்கு ஓர் உரையாடல் சான்றாகக் கிடைக்கிறது.

"அம்மா, நாளைக்கு மிஸ் பொங்கல் கார்டு கொண்டு வரச் சொன்னாங்க. சாதா கார்டு இல்லம்மா, தொறந்தா எந்திரிச்சு நிக்கணும்."

"எப்ப சொன்னாங்க, இன்னிக்கா?"

"இல்லம்மா. போன வாரம்."

"போன வாரம் சொன்னத இப்ப வந்து சொல்றியேடி!"

தெருமுனை ஸ்டேஷனரி கடை ஷட்டரை இறக்கிவிட்ட நேரம் அது. எனவே சிறுபொழுது யாமம் எனத் துணியலாம். யாமம் குறிஞ்சிக்கு உரியது. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். தாளும் பசையும் புணர்வதால் இது குறிஞ்சித் திணையே என்பர் ஒரு சாரார். தாயின் குரலைப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்ட மற்றொரு சாரார் ஊடல் எனக் கொண்டு மருதம் என்பர். கேட்டவர் கூற்றே வலிது.

இனி வழி. முதனூல், வழிநூல், சார்புநூல் என நூல் மூவகைப்படும். கூடத்துத் தரையில் பிறக்கும் அட்டை, யூடியூப் காணொளி ஒன்றின் சார்புநூல். அந்தக் காணொளிக்கு முதனூல் தேடிப் போனால் பாதை ஐரோப்பாவுக்குள் நுழைந்து 13ஆம் நூற்றாண்டில் போய் நிற்கிறது. மயோர்க்கா தீவின் ராமோன் லுல் தம் தத்துவ நூல்களில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் தாள் வட்டங்களை அமைத்தார். அவற்றைச் சுழற்றிச் சுழற்றியே சமய உண்மைகளை எட்டலாம் என்பது அவர் நம்பிக்கை. 1543இல் வெசாலியஸ் தம் உடற்கூற்று நூலுக்குச் செய்த சுருக்கப் பதிப்பில், ஈரல் குடல் முதலிய உறுப்புகளை மாணவரே கத்தரித்து உடற்படத்தின் மேல் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும்படி தனித்தாள்கள் இருந்தன. கத்தரியும் பசையும் எடுத்து வரச் சொல்லும் வீட்டுப்பாடத்துக்கு இதைவிடப் பழைய சான்று இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை.

இதுவரை எல்லாம் பெரியவர்கள் விவகாரம். பிள்ளைகளுக்கு இது வந்து சேர 18ஆம் நூற்றாண்டு ஆயிற்று. 1760களில் லண்டனில் ராபர்ட் சேயர் என்ற பதிப்பாளர், மடலைத் தூக்கினால் படம் மாறும் சிறு நூல்களை விற்றார். 1887இல் மியூனிக்கின் லோதார் மெக்கன்டோர்ஃபர் ஒரு முழு சர்க்கஸையே, சுற்றி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தோடு, மடித்து ஒரு புத்தகத்துக்குள் வைத்தார். பாப்-அப் என்ற பெயரை நியூயார்க்கின் புளூ ரிப்பன் புக்ஸ் 1932இல் தன் நூல்களுக்குச் சூட்டியது. பிறகு பிராகில் வொய்தேக் குபாஷ்டா. 1980களின் தொடக்கத்தில் டோக்கியோவில் மசாஹிரோ சதானி: ஒரே தாள், பசையே கிடையாது, வெட்டும் மடிப்பும் மட்டும், திறந்தால் மாளிகை. இவர்களில் குபாஷ்டா கட்டடக்கலை படித்தவர், சதானி கட்டடக்கலைப் பேராசிரியர். கட்டடம் கட்டத் தெரிந்தவர்கள் ஏன் காகிதத்துக்கு வந்தார்கள் என்பதற்குக் காரணம் வெளிப்படை. கட்டிய கட்டடத்தை மூடி உறையில் போட முடியாது.

வாழ்த்து அட்டையின் கிளைமரபு வேறு. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், கிறிஸ்துமஸுக்கு வந்து குவியும் கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் எழுத மாட்டாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரைந்து வாங்கி அச்சிட்டார். மிஞ்சியதை ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்கவும் செய்தார். ஆக, விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை உழைப்பைக் குறைக்கப் பிறந்தது. அதை அடுத்த தலைமுறைகள் இரவு பன்னிரண்டு மணி வேலையாக மாற்றிவிட்டதை நாகரிக வளர்ச்சி என்றே கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் அச்சடித்த காலம் ஒன்று இருந்தது. சிவகாசியில் அச்சாகி, கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கிய பொங்கல் வாழ்த்துகள். உழவர் குடும்பம், முருகன், எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல் என்று ஆளுக்கொரு கட்சி. உறையின் வாயை ஒட்டாமல் உள்ளே செருகி புக் போஸ்டில் போட்டால் அன்று தபால் செலவு குறைவாக இருந்தது. அந்த அட்டைகளுக்கு எழுந்து நிற்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. நடிகர்கள் படுத்தபடியே வாழ்த்தினார்கள்.

தாளதிகாரம்

தாள் மூவகைப்படும்: வல்லினம், மெல்லினம், இடையினம்.

மெல்லினமாவது ஜெராக்ஸ் பேப்பர். இதன் எடையைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடுவர். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர், ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 கிராம் வகையில் ஓர் ஏ4 தாளின் எடை 5 கிராம். இந்த 5 கிராமில் செய்த பானை எழும். எழுந்து, கொஞ்சம் யோசித்து, பக்கவாட்டில் சாயும். வல்லினமாவது 300 கிராமும் அதற்கு மேலும் உள்ள அட்டை. இது நிற்கும், ஆனால் மடியச் சம்மதிக்காது, கட்டாயப்படுத்தினால் மடிப்பில் வெடிக்கும். இரண்டுக்கும் நடுவே 160 முதல் 250 கிராம் வரை இடையினம். பாப்-அப் வேலைக்கு இதுவே தக்கது.

வல்லினம் மிகும் இடம், மேலட்டை. வல்லினம் மிகா இடம், பானை, கரும்பு, சூரியன். பள்ளியில் இந்தத் தலைப்பில் மதிப்பெண் இழந்தவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

யாமத்தில் இடையினம் எங்கே கிடைக்கும்? கல்யாணப் பத்திரிகையில். எந்த வீட்டிலும் ஃபிரிட்ஜுக்கு மேலோ பீரோவுக்கு மேலோ ஒரு கட்டு இருக்கும். தாளின் தரத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சமரசம் செய்துகொள்ளாததால் இது நம்பத்தக்க மூலப்பொருள். ஆனால் முன்பக்கத்தில் பிள்ளையார் இருப்பார். பிள்ளையாரைக் கத்தரிக்க யாருக்கும் மனம் வராது. தூக்கிப் போடவும் வராது. அதனால்தான் அந்தக் கட்டே அங்கே சேர்ந்தது. எனவே பிள்ளையார் இல்லாத பின்னிதழ் மட்டும் பயன்படும். இப்படிச் செய்த அட்டையைத் திறந்து பின்பக்கமாக எட்டிப் பார்த்தால், பானையின் முதுகில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்றிருக்கும். பொங்கல் வாழ்த்துக்கு அது பொருத்தமாகவே அமைவதால் வழுவாகாது, வழுவமைதியாகும்.

தாளுக்கு நார்ப்போக்கு என்று ஒன்று உண்டு. ஆலையில் தாள் உருவாகும்போது நார்கள் இயந்திரம் ஓடும் திசையிலேயே பெரும்பாலும் படுத்துவிடுகின்றன. தாளை இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் இணங்கும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். இணங்கும் திசையில் விழும் மடிப்பே நார்ப்போக்கை ஒட்டிய மடிப்பு. நடுமடிப்பு அதன்படி அமைந்தால் நேராக விழும். குறுக்கே அமைந்தால் பிசிறும். மடிக்குமுன் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஓர் அழுத்தமான கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். கடையில் இதற்கென்று கருவி விற்கிறார்கள். மை தீர்ந்த பேனாவை எறியாத குடும்பங்களுக்கு அது தேவையில்லை.

மடிப்பதிகாரம்

இந்நூலின் உயிர் இவ்வதிகாரம். இதில் இரு கொள்கையினர் உளர். பாப்-அப் அட்டையின் சிறப்பு அது எழுந்து நிற்பதில் இருக்கிறது என்போர் எழுச்சிக் கொள்கையினர். பிள்ளைகள், போட்டி நடுவர்கள், வீட்டுக்கு வரும் உறவினர் எல்லோரும் இக்கட்சி. அதன் சிறப்பு அது மூடிக்கொள்வதில் இருக்கிறது என்போர் மடக்கக் கொள்கையினர். இக்கட்சியில் இப்போதைக்கு இவ்வாய்வாளர் ஒருவரே உறுப்பினர். ஆயினும் உண்மை இங்கேதான் இருக்கிறது.

எழுந்து நிற்பது ஒரு வித்தையா? தெர்மாகோல் எழுந்து நிற்கிறது. கொலுப்படியில் செட்டியார் பொம்மை எழுந்து நிற்கிறது. அட்டைக்குள் ஒரு தீப்பெட்டியை ஒட்டி வைத்தால் அதுவும் எழுந்துதான் நிற்கும்; அட்டையை மூட முடியாது, அவ்வளவே. மூடினால் தட்டையாகி, திறந்தால் எழுந்து, மறுபடி மூடினால் மறுபடி தட்டையாகும் பொருள் எதுவோ அதுவே பாப்-அப். கால அளவையும் பாருங்கள். அட்டை திறந்திருப்பது சில நிமிடம். பள்ளிப் பையில் கணக்குப் புத்தகத்துக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவே, டீச்சரின் மேசை இழுப்பறையில், பீரோவில் புடவைக்கு அடியில் என்று அது மூடிக் கிடப்பதோ பல ஆண்டு. தபாலில் போனால் இன்னும் கடினம். ஸ்டாம்பு மேல் விழும் முத்திரை அடியைத் தாங்க வேண்டும். வாழ்நாளின் பெரும்பகுதியை எந்த நிலையில் கழிக்கிறதோ அதற்கு ஏற்றபடி ஒரு பொருளைச் செய்வதுதானே முறை?

இதை நிறுவ, எல்லோரும் செய்யும் பெட்டி மடிப்பையே எடுத்துக்கொள்வோம். தாளை நடுவே மடிக்கிறோம். மடித்த ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரே நீளத்தில் இரண்டு வெட்டு. நடுவிலுள்ள பட்டையை முன்னும் பின்னும் ஒருமுறை மடித்துப் பழக்கிவிட்டு, தாளை விரித்து, பட்டையை உட்புறமாக இழுத்து விடுகிறோம். அட்டையின் நடுமடிப்பு பள்ள மடிப்பு என்றால் பட்டையின் நடுமடிப்பு மேட்டு மடிப்பு. இந்த ஓர் எதிர்ப்பில்தான் முழு வித்தையும் அடங்கியிருக்கிறது. அட்டையைச் செங்கோணமாகத் திறந்தால் நடுவில் ஒரு பெட்டி நிற்கும். அதன் முகத்தில் பானையை ஒட்டலாம்.

இப்போது அட்டையைப் பக்கவாட்டிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். தரையிதழில் ஒரு பக்கம், சுவரிதழில் ஒரு பக்கம், பெட்டியின் மேல்தளம், பெட்டியின் முகம் என நான்கு பக்கங்கள் தெரியும். மேல்தளம் தரைப்பக்கத்துக்குச் சமம்; முகம் சுவர்ப்பக்கத்துக்குச் சமம். அதாவது இணைகரம். அட்டை திறக்கத் திறக்க இணைகரம் செவ்வகமாகிறது. மூட மூட நசுங்கிக் கோடாகிறது. எதிர்ப்பக்கங்கள் சமமாக இருக்கும்வரை அது சண்டையில்லாமல் படுக்கும். இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் எங்கோ ஓரிடத்தில் தாள் கசங்கியே தீரும். இணைகரத்தைப் படித்து என்ன பயன் என்று பள்ளிக்காலம் முழுவதும் கேட்டவர்களுக்குப் பதில் தாமதமாகவேனும் கிடைத்துவிட்டது.

அடுத்து, இந்நூலின் தலைமைச் சூத்திரம். இதை இவ்வாய்வாளரே இயற்றினார். சுவடிகளில் தேட வேண்டாம்.

நிற்பதன் உயரமும் நிற்குமிடத் தொலைவும்
ஓரிதழ் அகலத்து ஒடுங்குதல் கடனே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், கரும்பின் தோகை அட்டைக்கு வெளியே நீளாமை உணர்த்துதல் நுதலிற்று. ஏ4 தாளை நடுவே மடித்தால் ஓரிதழின் அகலம் 14.85 செ.மீ. பானை நடுமடிப்பிலிருந்து 6 செ.மீ. தள்ளி நிற்கிறது, அதன் உயரம் 8 செ.மீ. இரண்டையும் கூட்ட 14. அடங்கும். அதே இடத்தில் 10 செ.மீ. உயரக் கரும்பை நிறுத்தினால் தொகை 16. மூடும்போது 1.15 செ.மீ. தோகை வெளியே எட்டிப் பார்க்கும். உள்ளே பொங்கல்தான் என்பது திறக்கும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும்.

அற்றாயின், கரும்பைக் குட்டையாக்குக எனின், அது தேவையில்லை. கரும்பை நடுமடிப்பிலிருந்து 4 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுபோனால் 10 செ.மீ. உயரமும் அடங்கி முக்கால் செ.மீ.க்கு மேல் மிஞ்சும். உயரமானது உள்ளே, குள்ளமானது முன்னே. பள்ளி குரூப் போட்டோவின் விதிதான். இனி, கரும்பை நடுவில் இன்னொரு முறை மடித்து உள்ளே அடக்கினால் என்ன எனின், அற்றன்று; அப்படி மடித்த கரும்பு அட்டையைத் திறந்த பின்னும் மடிந்தே நிற்கும். அதை நிமிர்த்திவிட ஒவ்வோர் அட்டையோடும் ஓர் ஆளை அனுப்ப வேண்டியிருக்கும்.

எழுச்சிக் கொள்கையினர் பானையை முதலில் வரைந்துவிட்டு அட்டையைப் பிறகு தேடுவர். அவர்கள் அட்டையின் ஓரத்தில் கடைசியில் கத்தரி ஓடுவதும், சூரியன் பாதி அறுபடுவதும் இதனால் விளைவதே.

பெட்டி மடிப்பு செங்கோணத்தில் நிற்பது. அட்டையை முழுவதும் விரித்துத் தரையில் வைத்தாலும் நிற்க வேண்டுமானால் 'வி' மடிப்பு வேண்டும். படத்தை நடுவில் மடித்து, அடியில் இரண்டு நாக்குகள் விட்டு, ஒரு நாக்கை இந்த இதழிலும் மறு நாக்கை அந்த இதழிலும், நடுமடிப்போடு ஒரே கோணம் இருக்கும்படி ஒட்டுவது. படத்தின் நடுக்கோடு அடிக்கோட்டுக்குச் செங்குத்தாக இருந்தால் நிமிர்ந்து நிற்கும். இல்லையேல் முன்னாலோ பின்னாலோ சாயும். கோபுரம், மரம், மாட்டின் முகம் ஆகியவற்றுக்கு இது உகந்தது. மாட்டுக்குக் கொஞ்சம் முன்சாய்வு இருந்தால் தப்பில்லை. முட்ட வருவதாகக் கொள்க.

மூடுவது அற்பச் சங்கதி என்று இன்னும் நினைப்போர்க்கு ஒரு செய்தி. 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ரியூஹெய் உஎஹாராவும் சாச்சியோ தெராமோட்டோவும் பாப்-அப் புத்தகத்தைக் கணிப்பியல் நோக்கில் ஆராய்ந்தனர். ஒரு பாப்-அப் அமைப்பைக் கொடுத்து, இது கிழியாமல் கசங்காமல் திறந்து மூடுமா என்று கேட்டால், பதில் கண்டுபிடிப்பது கணினிக்குக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று நிறுவினர். உறுப்புகள் கூடக்கூட, எல்லா அமைப்புக்கும் விரைவாக விடை தரும் வழி இன்றுவரை யார் கையிலும் இல்லாத வகை அது. 2013இல் எம்.ஐ.டி.யின் எரிக் டிமெய்ன் உள்ளிட்ட ஒரு குழு ஆறுதலாக வேறொன்று நிறுவியது: நேர்கோட்டுப் பக்கங்களால் ஆன எந்தப் பலகோணத்தையும் மூடித் திறக்கும் பாப்-அப் ஆக்க முடியும். முடியும் என்பதும், நாளை காலை எட்டு மணி வேனுக்குள் முடியும் என்பதும் ஒன்றல்ல. கூடத்துத் தரையில் அமர்ந்திருப்பவர் இவ்விரு தேற்றங்களையும் அறியாமலே, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒருமுறை மூடிப் பார்த்து, மூடிப் பார்த்து மேலே போகிறார். கடினமான கணக்குக்கு அதுவே அறிவுடைய அணுகுமுறை.

புணரியல்

புணர்ச்சி இருவகைப்படும். ஒரே தாளில் வெட்டியும் மடித்தும் பசையின்றி அமைவது இயல்பு புணர்ச்சி. சதானியின் மாளிகைகள் இவ்வகை. பசை இட்டு அமைப்பது விகாரப் புணர்ச்சி. விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. பசை காய்ந்த பிறகு பானையின் கழுத்தில் கட்டைவிரல் ரேகை தெரிவது தோன்றல். ஈரம் பட்ட தாள் அலையலையாக நெளிவது திரிதல். காலையில் எடுத்துப் பார்த்தால் நாக்கு விட்டு வந்திருப்பது கெடுதல். ஒரே அட்டையில் மூன்றும் வருதலும் உண்டு.

பசையின் வரலாற்றில் சோற்றுப் பருக்கைக்குத் தனியிடம் உண்டு. உறையின் வாயை ஒட்ட ஒரு பருக்கையை நசுக்கித் தேய்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அடுத்தது மைதாவைக் காய்ச்சிய பசை. பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சி வராமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், எனவே பிள்ளைகள் கை வைக்கும் அட்டையில் வேண்டாம். பிறகு ஃபெவிகால். இதன் பற்று ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் அதில் தண்ணீர் உண்டு. தண்ணீர் பட்டதும் நார்கள் பருக்கும். நார்ப்போக்குக்குக் குறுக்கே தாள் விரியும். நெளிவு அங்கே பிறக்கிறது. குச்சிப் பசையில் ஈரம் குறைவு. இருபக்கமும் ஒட்டும் டேப்பில் ஈரமே இல்லை, ஆனால் ஒட்டிய பின் மனம் மாற இடமும் இல்லை. ஃபெவிகாலே கையில் இருந்தால், ஒரு சொட்டை மிஞ்சிய அட்டைத் துண்டில் வைத்து, ஈர்க்குச்சியால் தொட்டு, நாக்கின் மேல் மயிரிழையாகப் பரப்ப வேண்டும். பிள்ளையின் கையில் டப்பாவைக் கொடுத்தல் ஆகாது. இதற்குக் காரணம் கூறப் புகின் கட்டுரை நீளும்.

இனி, மடக்கக் கொள்கையின் முடிந்த சான்று. 'வி' மடிப்பில் இரண்டாம் நாக்கை எந்த இடத்தில் ஒட்டுவது என்று கோணமானியை வைத்து அளப்பார்கள் எழுச்சியினர். அளந்து ஒட்டினால் பெரும்பாலும் கொஞ்சம் பிசகும். அனுபவஸ்தர்கள் அளப்பதில்லை. முதல் நாக்கை ஒட்டி, படத்தை அதன் மேலேயே தட்டையாக மடித்துப் படுக்க வைத்து, மேலே தெரியும் இரண்டாம் நாக்கில் பசை தடவி, அட்டையை மூடி, உள்ளங்கையால் ஒரு அழுத்து. திறந்தால் நாக்கு தனக்குரிய இடத்தில் தானே ஒட்டிக்கொண்டிருக்கும். மூடிய நிலையில் எது எங்கே படுக்கிறதோ அதுவே அதன் சரியான இடம். நிற்க வேண்டிய இடத்தைத் தீர்மானிப்பதே மூடுவதுதான் என்று காகிதமே சொல்லிவிட்ட பிறகு எழுச்சிக் கொள்கையினருக்கு எஞ்சியிருப்பது கைதட்டல் மட்டுமே.

ஒட்டிய பின் அட்டையின் மேல் பாரம் வைக்க வேண்டும். வழிவழியாக இதற்கு டெலிபோன் டைரக்டரி பயன்பட்டு வந்தது. அது அழிந்த பின் இந்த நாட்டில் பாரத்துக்கு ஒரு நல்ல புத்தகம் கிடைப்பதில்லை. நுழைவுத் தேர்வு வழிகாட்டிகள் எடையில் குறைவில்லை. ஆனால் அவற்றை எடுத்தால் மூத்த பிள்ளை சண்டைக்கு வரும். அரிசி டப்பா நடுநிலையானது.

வாழ்த்தியல்

உள்ளே எழுதப்படும் வாழ்த்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒன்று மட்டும். வரியை அட்டை ஒட்டி முடிந்த பிறகு எழுதுவது வழக்கம். அப்போது பானை குறுக்கே நின்று கையை மறிக்கும், 'நல்வாழ்த்துகள்' கோணிப்போகும். தாள் தட்டையாக இருக்கும்போதே பிள்ளையை எழுப்பி எழுத வைத்துவிட வேண்டும். பிள்ளை அதற்குள் தூங்கியிருக்கும் என்பதே இவ்விதியின் ஒரே குறை.

புறனடை

இங்கே சொல்லாதவற்றை, சொன்னவற்றின் வழியே ஒட்டி உணர்ந்துகொள்க. இழுத்தால் மாடு தலையாட்டும் பட்டை, சுழற்றினால் சூரியன் உதிக்கும் வட்டம் முதலியவை தனி நூலுக்கு உரியன. பேட்டரி வைத்துப் பாட்டுப் பாடும் அட்டைகள் இவ்விலக்கணத்துக்குப் புறம்பானவை. அவை மூடினால் சும்மா இருப்பது பேட்டரி தீர்ந்த பின்பே.

பள்ளிகளுக்கு இரண்டு விண்ணப்பங்கள். பாப்-அப் அட்டை கேட்பதாக இருந்தால் பிள்ளையின் வாய்மொழியை நம்பாமல் டைரியில் எழுதி அனுப்புங்கள், கடை திறந்திருக்கும் நேரத்தில் தாயார் கண்ணில் படட்டும். வந்த அட்டையை நோட்டீஸ் போர்டில் வைக்கும்போது குண்டூசியைப் பின்னிதழில் மட்டும் குத்துங்கள். இரண்டு இதழையும் சேர்த்துக் குத்திவிட்டால், உள்ளே பானை இருப்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும்.